“தரையிலும் ஓட்டலாம்” என்று சொல்லி விற்ற காற்றுப் பட்டம்: 2,200 வெள்ளி போனது

நேற்று இரவு தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு தம்பி புலனத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நீலமும் ஆரஞ்சும் கலந்த பெரிய காற்றுப் பட்டம், கடலில் பலகையில் நிற்கிற ஆளை இழுத்துக்கொண்டு போகுமே, அது. “அண்ணே, 1,700 வெள்ளி சொல்றாங்க. திடல்லயே ஓட்டலாமாம். எடுக்கலாமா?” என்று கேட்டிருந்தார். கடையின் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. நான்கு மாதத்துக்கு முன்பு எங்களிடம் இதே வார்த்தையைச் சொல்லி விற்ற அதே கடை. இனி சும்மா இருக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போதும் அங்கேதான், எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை. அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. சக்கரப் பலகையில் நின்றுகொண்டு பட்டத்தைப் பிடித்தால் அது ஆளை இழுத்துக்கொண்டு ஓடும் என்று ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்தான். லயத்துப் பையன்களுக்குச் சாயங்காலம் பந்தை விட்டால் வேறு விளையாட்டு இல்லை. நல்ல விஷயம்தானே என்று எனக்கும் பட்டது. அவனும் மூன்று நண்பர்களும் சேர்த்து 800 வெள்ளி போட்டார்கள். மீதி 1,400 என் ஓவர்டைம் காசு. இந்த விவரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களை மாதிரி ஆட்களுக்கு 2,200 வெள்ளி என்பது ஒரு மாதக் கனவு. கடைக்காரருக்கு அது தெரியும்.

இந்தப் பட்டம் என்ன மாதிரி என்று தெரியாதவர்களுக்கு: கால்பந்துக்குள் பிளாடர் இருக்கும் இல்லையா, அதே மாதிரி. பட்டத்தின் முன்விளிம்பு முழுவதும் ஒரு தடித்த குழாய். வெளியே டாக்ரான் என்ற கெட்டித் துணி, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பிளாடர். அதிலிருந்து குறுக்கே மூன்று அல்லது ஐந்து சின்னக் குழாய்கள். பம்பால் காற்றடித்தால் வில் போல விறைத்து நிற்கும். குழாய்களுக்கு நடுவில் இருக்கும் பாய்த்துணி, சதுர மீட்டருக்கு 50 கிராம் அளவே கனக்கும் ரிப்ஸ்டாப், அதாவது கிழிசல் எளிதில் பரவாதபடி நெய்த துணி. அழுத்தம் 6 முதல் 8 பி.எஸ்.ஐ வரைதான். கேட்டால் குறைவாகத் தெரியும். ஆனால் அந்த பிளாடருக்குத் தனியாக எந்த வலுவும் கிடையாது. வெளித்துணியும் அதன் தையலும்தான் அழுத்தத்தைத் தாங்குகின்றன. தையல் இரண்டு விரல் அகலம் விட்டாலும் பிளாடர் அந்த வழியாகப் புடைத்து வெளியே வரும், அப்புறம் வெடிக்கும். இதெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்பு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

கடை கிள்ளான் வட்டாரத்தில். பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது. எடுத்தவுடன் “வாங்க அண்ணே” என்று தமிழில் பேசினார். நம்ம ஆள் என்ற எண்ணம் எனக்கும் வந்தது. 12 சதுர மீட்டர் பட்டம், பிடிகம்பு, கயிறு, பம்பு எல்லாம் சேர்த்து 2,200. “ரெண்டு தடவைதான் கடல்ல போயிருக்கு.” நான் இரண்டு முறை கேட்டேன்: “நாங்க தண்ணியில ஓட்டப்போறதில்ல. தோட்டத் திடல், மோரிப் மணல், அவ்வளவுதான். தாங்குமா?” “தண்ணியில என்ன பண்ணுமோ அதையே தரையிலும் பண்ணும். பிரச்சினையே இல்ல.” இதைப் பிறகு குரல் பதிவாகவும் அனுப்பினார். அந்தப் பதிவு இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. கடையிலேயே காற்றடித்துக் காட்டினார். பத்து நிமிடம் விறைப்பாக நின்றது. மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார். ரசீதில் “விளையாட்டுப் பொருள் 1” என்று மட்டும் எழுதினார்.

முதல் ஞாயிறு மோரிப் போனோம். கடல் வற்றும் நேரத்தில் அங்கே வெகுதூரம் வரை தரை தெரியும், உங்களுக்கே தெரியும். மாலைக் கடல்காற்று நன்றாக இருந்தது. பையன்கள் பலகையில் ஏறவில்லை, நின்ற இடத்தில் பட்டத்தைப் பழகினார்கள். ஒரு மணி நேரத்தில் நடுக் குறுக்குக் குழாய் தளர்ந்துவிட்டது. மறுபடி அடித்தோம், மறுபடி தளர்ந்தது. கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். “வால்வை நல்லா அமுக்கி மூடுங்க அண்ணே” என்று பதில்.

அடுத்த சனிக்கிழமை தோட்டத் திடல். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்ததால் செம்மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. மருமகன் பட்டத்தைத் தலைக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தான். திடீரென்று காற்று ஏறியது. பத்தடி தூரம் இழுத்துக்கொண்டு போய்த் தள்ளியது அவனை. கம்பை விட்டுவிட்டான், அதுதான் சரி. பட்டம் சுழன்று, தலைகீழாக, கயிற்றின் முழு நீளத்திலிருந்து முன்விளிம்பு தரையில் படும்படி இறங்கியது. லோரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஆலையில் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவனுக்கு முழங்கால் சிராய்ப்பு, மணிக்கட்டு வீக்கம். எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு முறியவில்லை. அக்கா என்னோடு இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று இரவு வீட்டு வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு குழாயைப் பிரித்தேன். நாள் முழுக்க வால்வோடும் கேஸ்கட்டோடும் வேலை செய்கிறவன் நான். பார்த்ததும் வயிறு எரிந்தது. நடு வால்வின் அடித்தட்டு பிளாடரிலிருந்து ஏற்கெனவே விட்டுப்போயிருக்கிறது. அதை யாரோ மஞ்சள் நிறக் காலணிப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். வெயிலில் வைத்தால் அந்தப் பசை இளகும், நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். மேலும் மூன்று இடத்தில் சைக்கிள் டியூப் ஒட்டு. சைக்கிள் ஒட்டு ரப்பருக்கு உண்டானது. இந்த பிளாடர் ரப்பர் இல்லை, பாலியூரித்தேன் வகை. அந்த ஒட்டு அதன்மேல் உட்காரவே உட்காராது. குறுக்குக் குழாயின் பிளாடர் அந்தப் பட்டத்துக்கே உரியது அல்ல. நீளமான ஒன்றை மடித்துத் திணித்திருந்தார்கள். மடிப்பு ஓரங்கள் உரசி ஊசித்துளை விழுந்திருந்தது. முன்விளிம்பில், அதன் நடு முனையான மூக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி, புது நூலில் ஒரு தையல். எங்கள் பட்டம் வெடித்தது சரியாக அந்த இடத்தில். இரண்டு தடவை கடலில் போன பட்டம் என்றார் அவர்.

ஜுக்ரா மலைக்குப் பாராகிளைடிங் செய்கிறவர்கள், அதாவது துணி இறக்கையில் தொங்கிப் பறக்கிறவர்கள், வருவார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஆலை கிளார்க்குக்குத் தெரிந்தவர். துணி விஷயத்தில் அனுபவம் உள்ளவர் என்பதால் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பாய்த்துணியில் வாயை அழுத்தி வைத்து ஊதினார். மறுபக்கம் கையில் காற்றுப் பட்டது. “நல்ல துணின்னா ஊதவே முடியாது” என்றார். வெயில் தின்ற துணி என்பதற்கு அதுவே சாட்சி. பின்விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மெல்லத்தான் இழுத்தார், காகிதம் மாதிரி கிழிந்தது. பிளாடர் மாற்றி, தையல் போட்டு, துணி வைத்துச் சரி செய்ய 700 வெள்ளிக்கு மேல் ஆகும், ஆனால் செய்யாதீர்கள், இந்தத் துணி தையலைத் தாங்காது என்று நேர்மையாகச் சொன்னார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை உறங்கவிடவில்லை. பழுதில்லாத புதுப் பட்டமாக இருந்திருந்தாலும், எங்கள் திடலில் அது அதிக நாள் தாங்கியிருக்காதாம். காற்றுக் குழாய் வைத்த பட்டத்தை பிரான்சின் லெகேன்யு சகோதரர்கள் 1984-இல் காப்புரிமை செய்ததே கடலுக்காக. தண்ணீரில் விழுந்தால் மூழ்காமல் மிதக்க வேண்டும், திரும்ப மேலே ஏற வேண்டும், அதற்குத்தான் குழாய். விழுகிற இடம் தண்ணீர் என்று நினைத்துத் தைத்த பொருள். தண்ணீரிலும் ஓங்கி அடித்தால் வெடிக்கும்தான், ஆனால் இறுகிய மண் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. விழுந்த அடி முழுவதும் அந்தக் குழாய்க்கே போகும். விழாத நேரத்திலும் தேய்மானம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் இறக்கை நுனி புல்லிலும் மணலிலும் உரசுகிறது, தையல் நூல் மேலேதான் இருக்கிறது, அதுதான் முதலில் போகும். நம் தோட்டத்தில் அதற்கு மேல் வேறு வினை. செம்பனை மட்டையின் முள் எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காலணியையே துளைக்கும். திடல் ஓரத்தில் வெட்டிப்போட்ட மட்டைகள், தொட்டாற்சுருங்கி, லாலாங் புல். மோரிப்பில் சிப்பி ஓடு. இதில் ஒன்று குழாயில் ஏறினால் போதும்.

தரைக்கு உண்டான பட்டம் வேறு. குழாயே இல்லாதது, மெத்தை மாதிரி அறை அறையாகத் தைத்தது. முன்பக்கத் துவாரம் வழியாகக் காற்று தானே புகுந்து உப்பும். விழுந்தால் துணி துணியாகக் கிடக்கும், வெடிக்க அதில் ஒன்றுமில்லை. நியூசிலாந்தின் பீட்டர் லின் பட்டம் இழுக்கும் மூன்று சக்கர வண்டியை 1990 வாக்கில் பரப்பினார். அந்த விளையாட்டில் இன்றும் பெரும்பாலானவர்கள் பிடிப்பது இந்த மெத்தை வகைதான். துணி அதிலும் தேயும், முள் அதையும் கிழிக்கும், ஆனால் கிழிந்த இடத்தில் ஒட்டுத்துணி போட்டு அன்றே பறக்கவிடலாம். அளவும் வேறு. சக்கரம் தரையில் இலகுவாக உருளும், அதனால் தண்ணீருக்கு வேண்டியதைவிடச் சின்னப் பட்டமே போதும். பழகுகிறவனுக்கு 3 சதுர மீட்டர் போதுமாம். எங்களுக்குக் கொடுத்தது 12. ஒரு பிள்ளையின் கையில் இதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கடைக்குப் போனேன். பிரித்த பிளாடரை மேசையில் வைத்தேன். முதலில் “நீங்க ஒட்டினதா இருக்கும்” என்றார். ஒட்டின பசையில் தூசி ஏறிக் கறுத்திருப்பதைக் காட்டினேன். அப்புறம் பேச்சு மாறியது: “இது கடல் பட்டம் அண்ணே. தரையில போட்டா உத்தரவாதம் கிடையாது.” குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவருடைய சொந்தக் குரல். எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, 400 வெள்ளிக்கு அதே கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு செய்தி. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. பலருக்கு இது தெரியவில்லை, எனக்கே ஆலையில் ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வழக்கறிஞர் வேண்டாம், நாமே பேசலாம். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இல், எந்தக் காரியத்துக்கு வாங்குகிறோம் என்று விற்பவரிடம் சொல்லி வாங்கினால் அந்தக் காரியத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே கேட்பதை வாயால் மட்டும் கேட்காதீர்கள். புலனத்தில் எழுதிக் கேளுங்கள், பதிலை அழிக்காதீர்கள். என் கையில் அந்தக் குரல் பதிவு இல்லையென்றால் இன்று என்னிடம் ஒன்றுமே இல்லை. ஒன்று கவனம்: கடையாக இல்லாமல் தனி ஆளிடம் பழையது வாங்கினால் இந்த வழி கிடைக்காது.

கடற்கரையில் ஓட்டுவதற்கென்றே பழைய காற்றுப் பட்டம் வாங்குகிறவர்கள் இருப்பீர்கள். பத்து நிமிடம் காற்றடித்துக் காட்டுவதை நம்பவேண்டாம். விறைப்பாக அடித்து, குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் வையுங்கள். முடிந்தால் ஒரு இரவு. குறுக்குக் குழாய் ஒவ்வொன்றையும் தனித்தனியே அமுக்கிப் பாருங்கள், முன்குழாய் மட்டும் விறைத்திருந்தால் போதாது. வால்வின் அடியில் விரலை வைத்து அசைத்துப் பாருங்கள், மஞ்சள் பசை தெரிந்தால் வேண்டாம். முன்விளிம்பு முழுக்க நூலைக் கையால் தடவுங்கள், ஒரு இடத்தில் மட்டும் நூல் நிறம் மாறினால் ஏன் என்று கேளுங்கள். துணியில் வாய் வைத்து ஊதுங்கள். விற்பவர் இதற்கெல்லாம் நேரம் தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு பட்டத்தைக் காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டு வைக்காதீர்கள், நல்ல வால்வும் அந்தச் சூட்டில் விட்டுப்போகும்.

தெலுக் பங்லிமா காராங் தம்பிக்கு இரவே பதில் போட்டுவிட்டேன், எடுக்க வேண்டாம் என்று. அவர் முன்பணமாக 200 வெள்ளி கட்டிவிட்டாராம். இன்று மாலை அவரோடு நானும் கடைக்குப் போகிறேன். அதே கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், ரசீதோடும் பிரித்த பிளாடரின் படத்தோடும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். விசாரணைத் தேதி வந்ததும் எல்லாவற்றையும் கையில் கொண்டுபோகிறேன்.