இருபது செட் பெல்ட், ஒரே சீரியல் எண்

கம்பம் ஏறுகிறவர்களும் மரம் ஏறிக் கிளை கழிக்கிறவர்களும் இதைப் படித்துவிட்டு உங்கள் பெல்ட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மின் லைன் ஓரத்துக் கிளைகளைக் கழிக்கும் வேலைக்காக ஒரு கடையில் வாங்கிய முழு உடல் சேஃப்டி பெல்ட் 20 செட். இருபதும் போலி.

லேபிளிலேயே தெரிந்துவிட்டது. பெல்ட்டுக்குப் பெல்ட் சீரியல் எண் மாற வேண்டும். இங்கே இருபதிலும் ஒரே எண். முழு உடல் பெல்ட்டுக்கான ஐரோப்பியத் தர எண் ஈஎன் 361 என்று போட்டு, ஐரோப்பிய விதிக்கு ஒத்தது என்று காட்டும் சிஇ குறியும் அடித்திருந்தார்கள். அதன் பக்கத்தில் வர வேண்டிய, தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பின் நான்கு இலக்க எண்ணைக் காணோம். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள பெல்ட் என்றால், அதோடு இருக்கும் சிஎம்/எல் எண்ணை, அதாவது லைசென்ஸ் எண்ணை, இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அடித்துப் பாருங்கள். லைசென்ஸ் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு என்று காட்டும். இந்த பெல்ட்டுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 3521, அதற்குப் பதில் வேறு எண் வந்தால் வாங்காதீர்கள்.

சந்தேகம் வந்தபின் ஒரு செட்டை அறுத்துப் பார்த்தோம். பாலியெஸ்டர் என்று விற்ற வாரில் விரல் நீளத் துண்டை வெட்டி, சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றிவிட்டு விட்டால், மேலே வந்து மிதந்தது. பாலியெஸ்டரும் நைலானும் மூழ்கும், மிதப்பது பாலிப்ரொப்பிலீன். சாக்குப் பை பின்னுகிற சரக்கு. இது 165 டிகிரி வாக்கிலேயே உருகும், பாலியெஸ்டர் 250-ஐத் தாண்டும். கயிறு உரசும் சூட்டுக்கும் வெயிலுக்கும் தாங்காது. தையல் நூலும் வாரின் நிறத்திலேயே இருந்தது. நல்ல பெல்ட்டில் நூல் வேறு நிறத்தில் இருக்கும், ஓர் இழை அறுந்தாலும் கண்ணில் படுவதற்காக.

ஹூக்கில் காந்தம் ஒட்டவில்லை. அலுமினியம் என்றால் எடை குறைந்திருக்க வேண்டும், இதுவோ கனம். அரத்தால் ராவினால் பூச்சுக்குக் கீழே மங்கலான சாம்பல் நிறம்: துத்தநாக வார்ப்பு. இழுபட்டால் வளையாது, பட்டென்று உடையும். போதாததற்கு ஒரே அழுத்தில் திறக்கிற ஹூக். டி வளையத்தில் அது முறுக்கிக்கொண்டால் வளையமே ஹூக்கின் வாயை மூடும் நாக்கைத் தள்ளித் திறந்துவிடும். நல்ல ஹூக்கில் பின்பக்கப் பூட்டை அழுத்தினால்தான் நாக்கு அசைய வேண்டும். வாங்கும்போதே பூட்டைத் தொடாமல் நாக்கை அமுக்கிப் பாருங்கள்.

மனம் பதறியது ஷாக் அப்சார்பரைப் பிரித்தபோதுதான். விழுகிறவரின் எடையில் உள்ளே தையல் வரிசை வரிசையாகக் கிழிந்து, உடம்புக்கு வரும் இழுப்பை 6 கிலோநியூட்டனுக்குள், அதாவது ஏறக்குறைய 600 கிலோ பாரத்துக்குள் அடக்க வேண்டும். இதில் பிளாஸ்டிக் உறைக்குள் வாரை மடித்து இரண்டு நுனியிலும் தைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கிழிவதற்கு நடுவில் எதுவுமே இல்லை. முதுகெலும்பு என்ன ஆகும்?

கடைக்காரரிடம் போய்க் கேட்டால் முதலில் கைவிரித்தார், காரணம் பில். அதில் ‘சேஃப்டி பெல்ட் 20’ என்று மட்டும் இருந்தது. தர எண், மாடல், சீரியல் எண்கள் மூன்றையும் பில்லில் எழுத வையுங்கள், அந்த பேட்சின் சோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். முத்திரை மோசடி என்றால் பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் கொடுக்கலாம்.

பிறகு, வேறு செட் தருகிறேன், இதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். கொடுத்தால் நாளைக்கு வேறொருவர் இதை மாட்டிக்கொண்டு ஏறுவார். புகாருக்கு இரண்டை மட்டும் எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தைத் தோள்வாரிலும் தொடைவாரிலும் குறுக்கே வெட்டிப் போட்டாயிற்று.