மறுவாழ்வு மையம் என்று வேனோடு வருகிறவர்களிடம் ஆளை ஒப்படைக்கும் முன்

வீட்டில் குடியை விட முடியாத ஒருவரை வைத்துக்கொண்டு, எங்கே கொண்டு சேர்ப்பது என்று நெல்லை, தென்காசிப் பக்கம் விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "சேர்த்த பிறகு ஒரு மாசத்துக்கு யாரும் பார்க்க வரக் கூடாது, போனும் கிடையாது" என்று சொல்கிற இடத்தில் ஆளை விடாதீர்கள். எங்கள் அத்தானுக்கு உள்ளே நடந்த அத்தனையும் அந்த ஒரு விதியின் மறைவில்தான் நடந்தது.

அத்தான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அம்பாசமுத்திரம் பக்கம் வீடு. நல்ல உழைப்பாளி. குடி கூடிக்கூடி, காலையில் எழுந்ததும் கொஞ்சம் உள்ளே போகாவிட்டால் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. அக்கா பீடி சுற்றித்தான் வீட்டை ஓட்டினாள். "எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துருவோம்டே, புள்ளைங்க பயப்படுது" என்று அவள் சொன்னபோது, பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ் நம்பருக்குக் கூப்பிட்டோம். அந்த மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. புகார் போயிருக்கிறது, விசாரணை நடக்கட்டும். அதுவுமில்லாமல், இதே மாதிரி நடத்துகிற இடம் அது ஒன்று மட்டும் இல்லை என்று பிறகு பலர் சொல்லக் கேட்டேன்.

நோட்டீஸில் எல்லாம் இருந்தது. மனநல மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு, 24 மணி நேரமும் நர்ஸ், தனி ஆலோசனை, குடும்பத்துக்கு ஆலோசனை, யோகா, வீட்டுக்கு வந்த பிறகும் தொடர் சிகிச்சை. போனில் பேசியவர் அவ்வளவு பதமாகப் பேசினார். 90 நாள் கோர்ஸ், மாதம் 15,000 ரூபாய், சேர்க்கும்போது 10,000, மருந்துச் செலவு தனி. அக்கா தாலிச் செயினை அடகு வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் வேன் வந்தது. நாலு பையன்கள் இறங்கி, கட்டிலில் படுத்திருந்த மனுஷனைக் கைலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அக்காவிடம் ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதன் நகலைக் கேட்டதற்கு "ஆபீஸில் வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்கள். சேர்ப்பதற்கு முன் அவரை ஒரு டாக்டர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "நல்லா இருக்காரு, யோகா பண்றாரு." உள்ளே அவரோடு இருந்து வெளியே வந்த ஒரு பையன் அக்காவுக்குப் போன் செய்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அத்தான் அக்காவின் நம்பரை அவனுக்கு மனப்பாடம் பண்ணிவைத்து அனுப்பியிருக்கிறார்.

போன இரண்டாம் நாள் ராத்திரி அத்தானுக்கு வலிப்பு வந்திருக்கிறது. அங்கே டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இருந்தது வார்டன் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் மட்டும்தான், அவரும் முன்பு அங்கே சிகிச்சைக்கு வந்தவராம். விடிந்த பிறகு யாரோ வந்து ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது, வெளியே லாரி நிற்கிறது, போகணும் என்று அத்தான் கத்தியிருக்கிறார். "நடிக்கான், இவன கட்டிப் போடுங்க" என்று ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கையைக் கட்டியிருக்கிறார்கள்.

இது நடிப்பு இல்லை. தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். இதைத் தடுக்க ஆஸ்பத்திரியில் குளோர்டையசெபாக்சைடு, லோராசெபாம் மாதிரி மருந்துகளை ஆளின் நிலையைப் பார்த்துக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவார்கள். கூடவே தயமின் என்கிற பி1 ஊசி போட வேண்டும். அதைப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். இதெல்லாம் பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களுக்கு விளக்கியது. குடிகாரர் சிகிச்சையில் மற்ற எதையும்விட முதல் வாரம்தான் ஆபத்தானது. அந்த வாரத்தில்தான் அந்த மையம் எங்களை வாசல் பக்கமே வரக் கூடாது என்றது.

நாங்கள் போனபோது கேட்டில் விடவில்லை. "பார்த்தா மனசு மாறிடும் தம்பி, இத்தனை நாள் சிகிச்சை வீணாப் போயிரும்" என்றார் மேனேஜர். "அண்ணாச்சி, ஆளைக் காட்டுங்க, இல்லன்னா இங்கிருந்தே நூறுக்குப் போன் போடுவேன்" என்று நின்ற பிறகுதான் கூட்டிவந்தார்கள். தலையை மொட்டையடித்திருந்தார்கள். யாருடையதோ ஒரு டவுசர். கடித்துக்கொண்ட நாக்கு இன்னும் வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு பதிந்து கறுத்திருந்தது. அக்கா அழுதுகொண்டே கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு, வார்டனைத் திரும்பிப் பார்த்து, "சார், பேசலாமா?" என்று கேட்டார். கட்டின பெண்டாட்டியிடம் பேசுவதற்கு. அந்த ஒரு கேள்வியிலேயே அங்கே என்ன சிகிச்சை நடந்தது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

சமையலுக்கு வெங்காயம் உரிப்பது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் உள்ளே இருக்கிறவர்கள்தான். அதற்குத் தொழில் பயிற்சி என்று பெயர். குடிக்காக வந்தவர், கஞ்சாவுக்காகப் பிடித்துவந்த காலேஜ் பையன், மனநலம் சரியில்லாத பெரியவர் எல்லாருக்கும் ஒரே ஹால். போர்டில் பெயர் போட்டிருந்த டாக்டரை அத்தான் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. கேஸ் ஷீட் கேட்டோம், தரவில்லை. அழைத்துக்கொண்டு போகிறோம் என்றதும் 90 நாள் பணத்தையும் கட்டச் சொன்னார்கள். கட்டாமல்தான் கூட்டிவந்தோம். ஏற்கெனவே கட்டியதில் ஒரு பைசா திரும்பி வரவில்லை.

கிளம்பும்போது ஒரு காகித கவரில் மாத்திரை கொடுத்து, "அவருக்குத் தெரியாம சாம்பாரிலோ சொதியிலோ கலந்து குடுங்க, குடிச்சா வாந்தி எடுத்து அவரே விட்டுருவாரு" என்றார்கள். மாத்திரைப் பட்டையில் பெயர் இருந்த பக்கம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. மிச்சமிருந்த எழுத்துகளை வைத்து ஹைகிரவுண்டில் கண்டுபிடித்தார்கள், டைசல்ஃபிராம். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இதயம் படபடக்கும். ரத்த அழுத்தம் விழுந்து சாவு வரைக்கும் போகலாம். டாக்டர் உடம்பைச் சோதித்து, நோயாளியிடம் விளக்கி, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுக்க வேண்டிய மருந்து. யாருடைய பேச்சையும் கேட்டு இதைச் சாப்பாட்டில் கலக்காதீர்கள் தாய்மார்களே, இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பும் அடக்கம். ஆளை அங்கேயே தங்கவைத்து இந்தச் சிகிச்சை தருகிற மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல்தடவையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆளின் சம்மதமில்லாமல் சேர்ப்பதென்றால், அன்றைக்கோ அதற்கு முந்தைய ஏழு நாளிலோ இரண்டு பேர் தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் மனநல மருத்துவர். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். அக்கா போட்ட கையெழுத்தைக் காட்டி 90 நாள் அடைத்துவைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. சங்கிலியால் கட்டுவது, கட்டாய மொட்டை, கட்டாய வேலை எல்லாமே கூடாது. பார்வையாளரைச் சந்திக்கவும் போனில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு.

ஆகவே போனில் பேசும்போதே பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். ஆட்கள் படுக்கிற இடத்தை நேரில் பாருங்கள். வேன் அனுப்புகிறோம் என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள்.

நல்ல இடங்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனையில், முதலில் உடம்பிலிருந்து குடியை இறக்கும் மருத்துவம், அதன் பிறகுதான் ஆலோசனை. குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நம் ஹைகிரவுண்டிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அத்தானை அங்கேதான் சேர்த்தோம், பணம் கேட்கவில்லை. அக்காவை வார்டிலேயே கூட இருக்கச் சொன்னார்கள். இப்போது மாத்திரைக்கு மாதாமாதம் அவரே போய் வருகிறார். நடுவில் ஒருமுறை குடித்துவிட்டார், அதையும் அவரே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் திட்டவில்லை, மருந்தை மாற்றிக் கொடுத்தார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416. இரண்டும் இலவசம்.

உங்கள் ஆள் இப்போது இப்படி ஒரு இடத்துக்குள் இருந்து, பார்க்க விட மறுத்தால், சட்ட உதவிக்கு 15100ஐக் கூப்பிடுங்கள். திங்கட்கிழமை நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், ஒரு நகலைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மாநில மனநல ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆனால் வலிப்பு, காய்ச்சல், பிதற்றல் என்று காதில் விழுந்தால் திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதீர்கள். போலீஸுக்குச் சொல்லிவிட்டு 108ஐ அந்த வாசலுக்கே வரவழையுங்கள்.