பனிமூட்டத்துக்கு ஏற்ற பிலிம்: இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ்

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலை, நுவரெலியா பக்கம் விடியற்காலையில் கமராவைத் தூக்கினால் பாதிப் படம் பனிமூட்டம்தான். டிஜிட்டலில் அது வழவழவென்று சாம்பல் பூச்சாக விழும்; 8 பிட் ஜேபெக்கில் கொஞ்சம் கொன்ட்ராஸ்ட் கூட்டினாலே பட்டை பட்டையாகப் பிரியும். அதையே எச்.பி.5 பிளஸ்ஸில் எடுத்தால் மூட்டத்துக்கு ஓர் உடம்பு வந்துவிடும்.

காரணம் குருணைதான், அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள். பிலிமில் உள்ள வெள்ளி உப்புப் படிகங்கள் சிறிதும் பெரிதுமானவை. கழுவியதும் அவை ஒழுங்கில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரள்கின்றன. அந்தத் திரள் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது நடுச்சாம்பலில். மூட்டத்தின் நிறமும் அதுதானே! டிஜிட்டல் இரைச்சலோ (நொய்ஸ் எனும் புள்ளிகள்) இருட்டுப் பகுதியில்தான் உறுத்தும். மென்பொருளில் படம் முழுக்க ஒரே அளவாகத் தூவும் போலிக் குருணை, கண்ணாடிமேல் கொட்டிய மணல் போல ஒட்டாமல் நிற்பது இதனால்தான்.

இது ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை பிலிம், 1989 முதல் கிடைக்கிறது. படத்தை மூட்டம் நிறைத்தால் கமராவின் ஒளிமீட்டர் ஏமாந்து ஒளியைக் குறைக்கும். ஒரு ஸ்டொப், அதாவது இரு மடங்கு ஒளி, கூட்டிக் கொடுங்கள். மூட்டத்தை ஊடுருவ ஆரஞ்சு ஃபில்டர் வாங்க வேண்டாம். பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலவே சிதறடிக்கும். தூரத்து மலைகளின் நீலப் புகாரைத்தான் அந்த ஃபில்டர் குறைக்கும்.

கழுவுவதற்கு ஐ.டி.11 டெவலப்பர், தண்ணீர் கலக்காமல், 20 பாகை செல்சியஸில் ஏழரை நிமிடம். மலைநாட்டில் தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். 20 பாகை டெவலப்பரிலிருந்து எடுத்த பிலிமைச் சில்லிட்ட பைப் தண்ணீரில் அலசினால் ஜெலட்டின் திடீரென்று சுருங்கி, குருணை அசிங்கமாகத் திரளக்கூடும். கழுவுவதை நிறுத்தும் ஸ்டொப் பாத், படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்சர், அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் 20 பாகைத் தண்ணீருள்ள ஒரே பேசினில் வைத்துச் சமப்படுத்துங்கள். மழைக்காலத்தில் ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு உறையில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க 1600க்குத் தள்ளலாம், அதாவது ஐ.எஸ்.ஓ. 1600 என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவலாம். அதே டெவலப்பரில் 14 நிமிடம். முகத்தில் வெளிச்சம் விழுந்தால் அருமையாக இருக்கும். ஆனால் அடுப்படி மூலை வெறும் கறுப்பாகிவிடும். அங்கே டிஜிட்டல்தான் கெட்டி. தேயிலைக் கொழுந்தின் இளம்பச்சை வேண்டுமென்றாலும் அதுவேதான்.

ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது ஷார்ப்னிங்கை (விளிம்புகளைக் கூர்மையாக்குவதை) நிறுத்தச் சொல்லுங்கள். அதைப் போட்டால் மூட்டத்தின் மென்மை போய்ப் பொரிபொரியாகிவிடும்.