தேக்கா ஈரச்சந்தையா, பேரங்காடியா?

மீனும் காய்கறியும் வாங்க எங்கே செல்வது என்று யாராவது கேட்டால், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தின் ஈரச்சந்தையையே நான் முதலில் சொல்வேன். அங்கே செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். சிவப்பாக இருந்தால் வாங்கலாம், பழுப்பேறியிருந்தால் அடுத்த கடைக்கு நகரலாம். குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டு, அதற்கேற்ப மீனைத் துண்டு போட்டுத் தரும் பக்குவம் நெகிழித் தட்டில் சுற்றிவைத்த மீனுக்குக் கிடையாது. மேலும், ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைகள் பொருள் சேவை வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லாததால், அப்படிப் பதிவு செய்யாத சிறு கடைகள் 2024 முதல் 9 விழுக்காடாகிவிட்ட அந்த வரியை நம்மிடம் வசூலிப்பதில்லை.

அரிசி, எண்ணெய், சலவைத்தூள் என்றால் பேரங்காடிதான். ஃபேர்பிரைஸ் போன்றவற்றின் சொந்த முத்திரைப் பொருள்கள் மலிவு. மூத்தோருக்குக் குறிப்பிட்ட நாள்களில் தள்ளுபடியும் உண்டு. வேலை முடிந்து இரவில் வீடு திரும்புவோருக்கு, காலையில் களைகட்டி மதியத்துக்குள் ஓய்ந்துவிடும் சந்தை எப்படியும் உதவாது.

குடும்பங்களுக்கு அரசாங்கம் வழங்கும் சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டுகளில் ஒரு பாதியைப் பேரங்காடியில் செலவிட முடியாது என்பதால், அதைப் பங்கேற்கும் சந்தைக் கடைகளில் மீனுக்கும் கீரைக்கும் ஒதுக்கிவிட்டு, மறுபாதியில் மூட்டை அரிசி வாங்குவதே சரியான பங்கீடு என்று கருதுகிறேன்.