எச்சில் கொடுத்து வாங்கிய 38 பக்கம்

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. எச்சில் துப்பி அனுப்பினால் மரபணு பார்த்துச் சொல்லும் சேவை ஒன்றை மகன் என் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தான். அறிக்கை வந்தது: 'இரண்டாம் வகை நீரிழிவு: சராசரிக்கும் குறைவான ஆபத்து, 34வது சதமானம்.' அதாவது நூறு பேரை ஆபத்து வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து 34வது இடம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை போட்ட கையோடு இதைப் படித்தேன்.

இந்த இடத்தைத் தருவது, மரபணுத் தொகுதியில் பல இடங்களைப் பார்த்துக் கூட்டிப் போடும் ஒரு மதிப்பெண். எனக்கு நோய் வந்துவிட்டது என்பதாலேயே அந்த மதிப்பெண் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆபத்து குறைவானவருக்கும் நோய் வரும். முப்பது வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவனுக்கு இதுகூடத் தெரியாதா? என் கேள்வி வேறு. 34வது இடம், சரி; யாருடைய வரிசையில்?

பதில் 36ஆம் பக்கத்தின் அடியில், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் இருந்தது. ஒப்பீட்டுக் குழு: ஐரோப்பிய வம்சாவளியினர்.

இந்த மதிப்பெண் பெரும்பாலும் நோய்க்குக் காரணமான மரபணு மாற்றத்தையே பார்ப்பதில்லை. அதோடு சேர்ந்தே கடத்தப்படும் பக்கத்து இடத்தைப் பார்க்கிறது. 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு' என்று விலாசம் சொல்கிறோமே, அதே கதை. இன்னொரு ஊரிலும் பிள்ளையார் கோயில் இருக்கும், எதிரே நாம் தேடும் வீடு இருக்காது. போதாக்குறைக்கு, எந்த மாற்றம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதும் மக்களுக்கு மக்கள் மாறும்; அதனால் மதிப்பெண்ணின் சராசரியே நகர்ந்துவிடும். ஒருவரின் வம்சாவளியை எண்களாகச் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறுகளை வைத்து அந்த நகர்வைச் சரிசெய்யலாம். ஆனால் வரிசையில் இடம்தான் நேராகும், தொலைந்த துல்லியம் திரும்பி வராது.

இதெல்லாம் ரகசியம் இல்லை. 2019இல் வந்த ஆய்வு ஒன்றின்படி, இத்தகைய மதிப்பெண்களுக்கு அடிப்படையான மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். அதே ஆய்வில், 17 பண்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெற்காசியர்களிடம் கணிப்பின் துல்லியம் ஏறத்தாழ 1.6 மடங்கு குறைவாக இருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் 4.5 மடங்கு. பல மக்கள் கூட்டங்களின் தரவைச் சேர்த்து எடை போடும் பிஆர்எஸ்-சிஎஸ்எக்ஸ் போன்ற முறைகள் 2022லேயே வெளிவந்துவிட்டன. இவர்கள் எந்த முறையில் கணக்குப் போட்டார்கள் என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன். ஐந்து நாள் கழித்து, 'தினமும் 30 நிமிடம் நடக்கவும்' என்று பதில் வந்தது. நடந்துகொண்டுதான் இருக்கிறேன், ஐயா.

எந்த மருந்து உடலில் எப்படி வேலை செய்யும் என்று மரபணுவை வைத்துச் சொல்லும் மருந்துப் பகுதியும் அறிக்கையில் உண்டு; அதைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோகிரெல், சிஒய்பி2சி19 மரபணுவில் குறை உள்ளவர்களுக்குச் சரியாக வேலை செய்யாது. இங்கே பார்ப்பது கோயிலை அல்ல, வீட்டையே. மரபணுவைக் கெடுக்கும் மாற்றத்தையே நேராகப் படிக்கிறார்கள். அது லண்டனிலும் ஒன்றுதான், லால்குடியிலும் ஒன்றுதான். அப்பா, அம்மா வழியாக வரும் இரண்டு பிரதிகளில் எனக்கு ஒன்றில் குறை இருக்கிறதாம். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து என் மருத்துவக் கோப்பில் வைத்துவிட்டேன்.

எச்சில் குழாயும் நன்றாக மூடியது, கூரியர்காரரும் சொன்ன நேரத்துக்கு வந்தார்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். தள்ளுபடியில் கிடைத்தால் மருந்துப் பகுதிக்காக வாங்கலாம். சர்க்கரைக்குத் தெருமுனை லேப் போதும்.