பழைய சிறு எஸ்யூவியில் ஆல்-வீல் டிரைவ்: எது தேறும், எங்கே குனிந்து பார்ப்பது

கோலாலம்பூரில் தார் சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு ஆல்-வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் அமைப்பு, தேவையே இல்லை. மழையில் காப்பாற்றுவது நல்ல டயர். பிரேக் மிதிக்கும்போது எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது கணக்கிலேயே வராது. பினாங்கின் பாலேக் பூலாவ் டுரியான் தோட்டத்துச் செங்குத்துச் சிமெண்டுப் பாதையில், பாசி பிடித்த வளைவில் நின்று மறுபடி கிளம்ப வேண்டியவர்களுக்குத்தான் இது உதவும்.

முதலில் ஒன்று. மலேசியாவில் அதிகாரபூர்வமாக விற்ற ஹோண்டா எச்ஆர்-வி, புரோட்டோன் எக்ஸ்50, பெரோடுவா அத்திவா எல்லாமே முன்சக்கர இழுவை வண்டிகள். விற்பவர் வேறு மாதிரி சொன்னால் கிராண்டை (வண்டிப் பதிவுச் சான்று) காட்டச் சொல்வதற்கு முன் வண்டிக்கு அடியில் பாருங்கள். பின்னச்சுக்கு ஓடும் நீள ஷாஃப்ட் இருக்காது.

அமைப்பு என்று பார்த்தால் சுபாரு எக்ஸ்வி முதலிடம். எல்லா நேரமும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறது. சாதாரண ஓட்டத்தில் முன்னால் 60, பின்னால் 40 விழுக்காடு என்ற பங்கீடு. 2017 மாடலிலிருந்து வரும் எக்ஸ்-மோடு என்ற வழுக்குப் பாதைக்கான பொத்தான் மெதுவான ஏற்ற இறக்கத்துக்கு மிக நல்லது. ஆனால் இந்த வண்டி டயர் விஷயத்தில் கஞ்சத்தனத்தை மன்னிக்காது. நான்கு டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது சுபாருவின் விதி. டயர்ப் பள்ளத்தின் ஆழத்தில் இது வெறும் 1 மில்லிமீட்டர். இரண்டு டயர் மட்டும் புதிதாக மாற்றியிருந்தால் கியர்பாக்ஸுக்குள் இருந்து பின்னால் விசை அனுப்பும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். ஆழம் அளக்கும் கருவியை எடுத்துப் போய் நான்கையும் அளந்துவிடுங்கள்.

பிறகு கார் பார்க்கில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, ஆக்சிலரேட்டர் தொடாமல் ஒரு வட்டம் போங்கள். பிரேக் பிடித்தாற்போல் இழுத்தாலோ, துள்ளித் துள்ளி நகர்ந்தாலோ டயர் பொருந்தவில்லை, இல்லையென்றால் கிளட்ச் போய்விட்டது. இரண்டாவது காரணமென்றால் அந்த வண்டி வேண்டாம்.

எக்ஸ்விக்கு எஞ்சின் ஆயில் தவிர சிவிடி (படியில்லாத ஆட்டோ கியர்பாக்ஸ்) ஆயில், முன் டிஃபரென்ஷியல் (இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) ஆயில், பின் டிஃபரென்ஷியல் ஆயில் என்று மூன்று தனித்தனி. சுபாரு பழகாத பட்டறையில் எஞ்சின் ஆயில் என்று நினைத்து முன் டிஃபரென்ஷியலையோ சிவிடியையோ வடித்துவிடுவது உலகறிந்த விபத்து. பின் டிஃபரென்ஷியலுக்கு 75டபிள்யூ-90 கியர் ஆயில் ஒரு லிட்டர் தாராளம். வடிப்பதற்கு முன் ஊற்றும் மூடி கழல்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே வடித்தபின் மேல் மூடி இறுகிக்கிடந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும்.

ஆல்-வீல் டிரைவ் உள்ள ஹோண்டா சிஆர்-வி பெரும்பாலும் முன்சக்கரத்தில் ஓடி, கிளம்பும்போதும் நழுவும்போதும் பின்னால் விசை அனுப்பும் வகை. நகரத்துக்கும் எப்போதாவது மலை ஏறுவதற்கும் இது போதும். அடுக்குமாடிக் கார் பார்க்கின் சுழல் பாதையில் திரும்பும்போது பின்னாலிருந்து முனகல் கேட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பின் டிஃபரென்ஷியல் ஆயில் பழசாகிவிட்டது என்றுதான் பொருள். ஆனால் அதற்கு ஹோண்டாவின் டூவல் பம்ப் ஃபுளூயிட் மட்டுமே. சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் கிளட்ச் கெடும்.

தோட்டக்காரர்களுக்கு என் தேர்வு நிசான் எக்ஸ்-டிரெயில் டி32, 2.5 லிட்டர். குமிழைத் திருப்பி, முன்னும் பின்னும் விசை போகும்படி லாக் போட்டுக்கொள்ளலாம்; வேகம் கூடினால் தானே ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். குறை, சூடேறினால் தளரும் சிவிடி. வெயிலில் நீண்ட ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

மாஸ்டா சிஎக்ஸ்-5 ஆல்-வீல் டிரைவ் ஓட்டச் சுகம். பின்னால் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியிலும் பின் டிஃபரென்ஷியலிலும் ஆளுக்கு அரை லிட்டர்கூட ஆயில் இல்லை. அவ்வளவு குறைவாக இருப்பதால் கொஞ்சம் கசிந்தாலும் பற்சக்கரம் வறண்டுவிடும். புரோட்டோன் எக்ஸ்70-இல் 2018 டிசம்பரில் வந்த இறக்குமதித் தொகுதியில் ஆல்-வீல் டிரைவ் வகை உண்டு. 2020-இல் தஞ்சோங் மாலிமில் பொருத்தத் தொடங்கியபோது அதை எடுத்துவிட்டார்கள். விலை மலிவாகக் கிடைத்தாலும் பின்னச்சுப் பாகங்களுக்குக் காத்திருக்க நேரலாம்.

எந்த வண்டியானாலும் பட்டறை லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். நீள ஷாஃப்டை நடுவில் தாங்கும் பேரிங் சத்தம் போட்டதால் ஷாஃப்டையே கழற்றிவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பின் டிஃபரென்ஷியல் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. 2017 நவம்பரில் பினாங்கையும் 2021 டிசம்பரில் ஷா ஆலாமையும் மூழ்கடித்த வெள்ளங்களை நினைவில் வைத்து சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துச் சேறு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கியபின் வழியில் நின்றுபோனால் இழுவை வண்டிக்குப் போன் செய்யும்போதே தட்டு லாரி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போனால் எக்ஸ்வியின் கிளட்ச் பட்டறை போய்ச் சேர்வதற்குள் கருகிவிடலாம்.