அப்பாவின் கட்டிலைச் சுற்றி ஏழு பேர்

பொங்கலுக்காக மெல்பர்னிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த நான்காம் நாளே, நிமோனியா முற்றி மூச்சுத் திணறிய அப்பாவைத் திருநெல்வேலியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அன்றிரவே வென்டிலேட்டர் வைத்தார்கள். பதினோரு நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தேன். மருந்துச் சீட்டோடு கீழே ஓடுவது, முன்பணம் கட்டுவது எல்லாம் ஊரில் எல்லோருக்கும் பழகியவைதான்.

பிரிவின் பொறுப்பு மருத்துவரிடம் கேட்டபோது, காலைச் சுற்றின்போது ஓரமாக நிற்க எனக்கு அனுமதி தந்தார். எட்டரை மணிக்கு அவர், டியூட்டி டாக்டர், இரவுப் பணி முடிந்த செவிலியர், பகல் பணிக்கு வந்த செவிலியர், பிசியோதெரபிஸ்ட், உணவியல் வல்லுநர், கிளினிக்கல் பார்மசிஸ்ட் என ஏழு பேர் கட்டிலைச் சூழ்ந்து நிற்பார்கள். முதலில் பேசுவது இரவுச் செவிலியர். அவர் முடிக்கும் வரை பெரிய டாக்டர் குறுக்கிடுவதில்லை.

மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கச் செய்வதும், தானாக மூச்சு விடுகிறாரா என்று அரை மணி நேரம் பார்ப்பதும் ஒரே காலையில் அடுத்தடுத்து நடக்க வேண்டியவை. மருந்தை நிறுத்துபவர் செவிலியர், சளியை வெளியேற்றித் தருபவர் பிசியோதெரபிஸ்ட், சோதனையைப் பார்த்து முடிவெடுப்பவர் மருத்துவர் என்பதால், ஒருவர் தாமதித்தாலும் அன்றைய முயற்சி வீணாகிவிடும். குழாய்வழி உணவு கொடுத்த உடனே நெஞ்சைத் தட்டினால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம் என்பதால், உணவு நேரத்தையும் பயிற்சி நேரத்தையும் உணவியல் வல்லுநரும் பிசியோதெரபிஸ்ட்டும் அங்கேயே பேசி மாற்றிக்கொண்டார்கள்.

சளிப் பரிசோதனை முடிவு வந்த மூன்றாம் நாள் நடந்ததை நான் மறக்கமாட்டேன். பக்கவாதத்திற்குப் பிறகு வலிப்பு வராமலிருக்க அப்பா பல வருடங்களாக வால்ப்ரோயேட் சாப்பிட்டு வந்தார். புதிதாக மெரோபெனெம் எழுதப்பட்டதும், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க அந்தப் பார்மசிஸ்ட், இந்த ஆன்டிபயாடிக் ரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவை வேகமாகக் குறைத்துவிடும் என்று சொன்னார். ஆன்டிபயாடிக்கை விட முடியாத நிலை. எனவே வலிப்புக்கு லெவெட்டிராசெட்டம் சேர்க்கப்பட்டது. சிறுநீரகம் தளர்ந்திருந்ததால் இரண்டு மருந்துகளின் அளவையும் அவரே கணக்கிட்டுச் சொன்னார். மருந்தாளுநர் என்றால் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் என்றே நினைத்து வளர்ந்தவன் நான். இப்படி நோயாளியின் அருகிலிருந்து பணியாற்ற மருந்தாளுநர்களைத் தயார்செய்யும் ஃபார்ம்.டி. படிப்பு இந்தியாவில் தொடங்கியதே 2008இல்தான்.

குறை இருந்தது வெளியிலிருந்து வந்துபோகும் நிபுணர்கள் விஷயத்தில். இதய மருத்துவர் மதியம் மூன்று மணிக்கு வந்து, நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது என்று, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் எழுதினார். சிறுநீரக மருத்துவர் இரவு ஒன்பது மணிக்கு வந்து, உடலில் நீர் போதவில்லை என்று சலைன் எழுதினார். இரண்டையும் வாசலில் கேட்ட அம்மா, "தண்ணி கூடியிருக்கா, கொறைஞ்சிருக்கா?" என்று என்னைக் கேட்டார், பதில் இல்லை. அந்த இரவில் ஒரே செவிலியர் மூன்று கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தயங்கி டியூட்டி டாக்டரை எழுப்பியதால் சலைன் நிறுத்தி வைக்கப்பட்டது. மறுநாள் காலை பொறுப்பு மருத்துவர் இதயத்தையும் நுரையீரலையும் அல்ட்ராசவுண்டில் பார்த்து, இருவரையும் ஒரே அழைப்பில் பேசவைத்த பிறகே முடிவு எட்டியது. நிபுணர்கள் அந்த எட்டரை மணிச் சுற்றுக்குத் தொலைபேசியிலாவது வந்திருந்தால், ஓர் இரவை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

ஏழாம் நாள் வென்டிலேட்டர் குழாய் எடுக்கப்பட்டது. ஒன்பதாம் நாள் இருவர் தாங்கிப் பிடிக்க, அப்பா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, காபி கேட்டார். விழுங்குவதைச் சோதிக்காமல் தர முடியாது என்று செவிலியர் மறுத்துவிட்டார்.

வீடு திரும்பியபோது கையில் கொடுத்த அறிக்கையில் மருந்துப் பட்டியல் மட்டுமே இருந்தது. நடைப்பயிற்சி பற்றியோ, பழைய வலிப்பு மாத்திரை எப்போது தொடர வேண்டும் என்பது பற்றியோ ஒரு வரிகூட இல்லை. நான் தொலைபேசியில் கேட்டதும், மருத்துவரிடம் பேசிவிட்டு அன்று மாலையே திரும்ப அழைத்தவர் அதே பார்மசிஸ்ட்தான்: "புது மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க அண்ணே, பழையது ரத்தத்துல பழைய அளவுக்கு ஏற ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும்."